நிறுவனங்கள் ஏன் ஒரு கல்லூரிக்குத் திரும்பி வருகின்றன?



அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக்குள் நீண்டிருக்கும் ஒரு தீபகற்பத்தில் ஹோட்டன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. செம்புச் சுரங்கங்களால் வாழ்ந்த ஊர். சுரங்கங்கள் மூடிவிட்டன. 1885-ல் சுரங்கப் பள்ளியாகத் தொடங்கிய மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மட்டும் நிலைத்து நிற்கிறது. டெட்ராய்ட்டிலிருந்து காரில் போனால் ஒன்பது மணி நேரம் ஆகும். ஒரு குளிர்காலத்தில் விழும் பனி சராசரியாக ஐந்து மீட்டர். பக்கத்தில் பெரிய தொழிற்சாலைகள் கிடையாது, பெருநகரமும் கிடையாது. ஆனாலும் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அந்த ஊருக்கு ஆள் எடுக்க வருகின்றன. உடற்பயிற்சிக் கூடத்தின் தரை முழுக்க மேசைகள். மேசைக்குப் பின்னால் பொறியாளர்கள். முன்னால் முதலாமாண்டு மாணவர் முதல் இறுதியாண்டு மாணவர் வரை வரிசையில் நிற்கிறார்கள்.

நம் மாவட்டக் கல்லூரிகளில் பிளேஸ்மென்ட் ஆபீசராக இருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் காரணம் ஒன்று உண்டு: "எங்க காலேஜ் ரொம்ப உள்ள இருக்கு சார், கம்பெனிக்காரங்க சென்னையைத் தாண்டி வரமாட்டேங்கறாங்க." அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் தூரம்தான் தடை என்றால் ஹோட்டனுக்கு ஒருவரும் போயிருக்க மாட்டார்கள். அங்கே போகிறவர்கள் எதைப் பார்த்துப் போகிறார்கள் என்பதிலிருந்து இந்தப் பேச்சைத் தொடங்கலாம்.

வேலைவாய்ப்புக் கண்காட்சிக்கு முந்தைய வாரங்களிலேயே ஹோட்டன் வளாகத்தின் திறந்தவெளியில் கூடாரங்கள் போடப்படுகின்றன. கார் நிறுவனங்களுக்கென்று ஒரு நாள், எஃகு நிறுவனங்களுக்கென்று ஒரு நாள் என்று நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அங்கே நேர்காணல் எதுவும் கிடையாது. வந்திருக்கும் பொறியாளர் தன் இயந்திரத்தைக் காட்டுவார், மாணவர் கேள்வி கேட்பார். வருகிறவர்களில் பலர் அதே வளாகத்தில் படித்தவர்கள். இதற்கு அடியில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. 2000-ஆம் ஆண்டு முதல் அங்கே மாணவர்கள் சிறு நிறுவனங்களைப் போலக் குழு அமைத்து, ஆண்டுக்கணக்கில் ஒரே திட்டத்தில் வேலை செய்கிறார்கள். இரண்டாமாண்டு மாணவரும் இறுதியாண்டு மாணவரும் ஒரே குழுவில் இருப்பார்கள். திட்டத்துக்குப் பணமும் சிக்கலும் கொடுப்பது பெரும்பாலும் வெளி நிறுவனங்கள். தங்கள் சிக்கலை ஓராண்டு சுமந்த மாணவரைத் தேர்ந்தெடுக்க அந்த நிறுவனத்துக்கு ஆப்டிட்யூட் டெஸ்ட் தேவைப்படுவதில்லை.

அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் எட்டாத நிறுவனங்கள் இருந்தன. மேற்குக் கரையின் மென்பொருள் நிறுவனங்கள் ஹோட்டனை எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் குறையை உணர்ந்த மூன்று மாணவர்கள், காரெட் லார்டு, ஸ்காட் ரிங்வெல்ஸ்கி, பென் கிறிஸ்டென்சன் ஆகியோர், 2014-ல் 'ஹேண்ட்ஷேக்' என்ற தளத்தைத் தொடங்கினார்கள். அதுவரை ஒரு நிறுவனம் ஐம்பது கல்லூரிகளில் ஆள் தேட வேண்டுமானால் ஐம்பது கல்லூரித் தளங்களிலும் தனித்தனியாகக் கணக்குத் தொடங்கி, ஒரே விளம்பரத்தை ஐம்பது முறை பதிய வேண்டும். ஹேண்ட்ஷேக்கில் ஒருமுறை பதிந்தால் போதும், எந்தக் கல்லூரிக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். நிறுவனர்கள் காரை எடுத்துக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் வேலைவாய்ப்பு மையங்களைச் சேர்த்தார்கள். இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதைப் பயன்படுத்துகின்றன. அவர்கள் கண்டுகொண்ட உண்மை எளியது: ஆள் எடுக்க வருகிறவருக்கு ஆகும் அலைச்சலைக் குறைத்தால், அவர் பார்க்கும் கல்லூரிகளின் எண்ணிக்கை கூடும்.

நிறுவனங்கள் ஏன் எல்லாக் கல்லூரிகளையும் பார்ப்பதில்லை என்பதை விரிவாக ஆராய்ந்தவர் சமூகவியலாளர் லாரன் ரிவேரா. முதலீட்டு வங்கிகள், ஆலோசனை நிறுவனங்கள், பெரிய சட்ட நிறுவனங்கள் ஆகியவற்றின் ஆள்சேர்ப்பை உள்ளிருந்து கவனித்து 'பெடிகிரி' என்ற நூலை 2015-ல் வெளியிட்டார். ஒவ்வொரு நிறுவனத்திடமும் ஒரு பட்டியல் இருக்கிறது. ஒரு சில கல்லூரிகளுக்கு நேரில் போவார்கள், விருந்து வைப்பார்கள், எல்லா விண்ணப்பங்களையும் படிப்பார்கள். அடுத்த வட்டத்தில் இன்னும் சில கல்லூரிகள் உண்டு. பட்டியலில் இல்லாத கல்லூரியின் மாணவர் இணையத்தில் போடும் விண்ணப்பம், உள்ளே தெரிந்தவர் ஒருவர் எடுத்துக் கொடுத்தாலொழிய, பெரும்பாலும் படிக்கப்படுவதே இல்லை. நம் நாட்டிலும் இதே பட்டியல் 'டயர் ஒன்', 'டயர் டூ', 'டயர் த்ரீ' என்று வெளிப்படையாகவே புழங்குகிறது. பட்டியலுக்கு வெளியே நிற்கும் கல்லூரி, அழைப்பு மின்னஞ்சலை எத்தனை முறை அனுப்பினாலும் பட்டியலுக்குள் போகாது. உள்ளே போக வேறு வழி வேண்டும்.

அந்த வழி நூறாண்டுக்கும் மேல் பழமையானது.

ஹெர்மன் ஷ்னைடர் பென்சில்வேனியாவில் லீஹை பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். எஃகு ஆலைகளின் புகை தெரியும் தூரத்தில் இருந்த கல்லூரி அது. படிக்கும்போதே எங்காவது வேலை செய்த மாணவர்கள், பட்டம் வாங்கிய பின் நன்றாக முன்னேறுவதை அவர் கவனித்தார். வகுப்பும் பட்டறையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நடக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. சின்சினாட்டி பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் அதைச் செய்துபார்க்க அவருக்கு இடம் கிடைத்தது. இயந்திரக் கருவிகள் செய்யும் பட்டறைகள் நிறைந்த நகரம் சின்சினாட்டி. நிர்வாகக் குழு ஓராண்டு மட்டும் அனுமதி தந்தது. தோற்றால் பொறுப்பு தங்களுடையது இல்லை என்பதையும் சேர்த்தே எழுதியது. 1906-ல் 27 பொறியியல் மாணவர்களோடு திட்டம் தொடங்கியது.

ஷ்னைடர் முதலாளிகளின் வசதியை எவ்வளவு நுணுக்கமாக யோசித்தார் என்பதை இங்கே நின்று பார்க்க வேண்டும். ஒரு வேலைக்கு ஒரு மாணவரை அனுப்பினால், அவர் வகுப்புக்குத் திரும்பும்போது இயந்திரம் ஆளில்லாமல் நிற்கும். அதனால் மாணவர்களை இரண்டு இரண்டு பேராக இணைத்தார். ஒருவர் ஒரு வாரம் வகுப்பில் இருந்தால் இணை பட்டறையில் இருப்பார். அடுத்த வாரம் இருவரும் இடம் மாறுவார்கள். முதலாளிக்கு ஆண்டு முழுதும் அந்த வேலையில் ஆள் இருக்கும். மாணவருக்குக் கூலி கிடைக்கும். பல்கலைக்கழகத்துக்கோ, தன் மாணவரின் குறை நிறைகளை வாராவாரம் சொல்லக்கூடிய ஒருவர் ஊருக்குள்ளேயே கிடைத்தார்.

இந்த எண்ணத்தை முழுமையாக வளர்த்தெடுத்தது கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம். 1956 ஆகஸ்டில், பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தின் கனடாப் பிரிவுத் தலைவர் ஐரா நீடில்ஸ், உள்ளூர் ரோட்டரி சங்கக் கூட்டத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். நாட்டுக்கு ஒன்றரை லட்சம் பொறியாளர்கள் வேண்டும், இப்போதைய பல்கலைக்கழகங்களால் அது முடியாது, படிப்பும் வேலையும் மாறி மாறி வரும் புதிய கல்வி வேண்டும் என்பது சாரம். அடுத்த ஆண்டு ஜூலையில் 74 மாணவர்களோடு வகுப்பு தொடங்கிவிட்டது. முதல் தலைவராக வந்த ஜெரால்டு ஹேகியும் அதே குட்ரிச் நிறுவனத்தில் விளம்பரம், மக்கள் தொடர்புப் பணிகளைப் பார்த்தவர். பல்கலைக்கழகத்தின் விதையைப் போட்டவர்களே ஆள் எடுக்கும் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். இன்று வாட்டர்லூவில் ஆண்டுக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இந்த முறையில் படிக்கிறார்கள்; அவர்களுக்கு வேலை தரும் நிறுவனங்கள் ஏழாயிரத்துக்கும் மேல்.

ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏழாயிரம் நிறுவனங்கள் எப்படி வரும்? அங்கே ஆள் எடுப்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் திருவிழாவாக இல்லை. நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் வேலை என்று சுற்று ஓடுகிறது. எந்த மாதத்தில் கேட்டாலும் வேலைக்குத் தயாராக ஒரு கூட்டம் இருக்கும். எடுத்த மாணவர் சரியில்லை என்றால் நான்கு மாதத்தில் முடிந்துவிடும். நன்றாக இருந்தால் அடுத்த சுற்றுக்கும் அவரையே கேட்கலாம். பல்கலைக்கழகப் பணியாளர் ஒருவர் இடையில் மாணவரோடும் மேலாளரோடும் பேசுவார். வேலை முடியும்போது நிறுவனம் மாணவரை மதிப்பிட்டு எழுதித் தரும். செலவில் ஒரு பங்கை ஒன்டாரியோ மாநில அரசு ஏற்கிறது: ஒரு மாணவரின் ஒரு பணிக்காலத்துக்கு 3,000 டாலர் வரை நிறுவனத்துக்கு வரிச்சலுகை உண்டு.

தேர்வு முறையிலும் ஒரு நுட்பம் இருந்தது. முதன்மைச் சுற்றின் நேர்காணல்கள் முடிந்ததும் நிறுவனம், தான் பார்த்த மாணவர்களுக்கு எண் கொடுக்கும். மிகவும் வேண்டியவருக்கு 1, அடுத்தவருக்கு 2, பிறகு 3. அறவே வேண்டாதவருக்கு எண் கிடையாது. மாணவரும் தான் பேசிய நிறுவனங்களுக்கு அதேபோல் எண் போடுவார். இரு பக்க எண்களையும் கூட்டிப் பார்த்து, கூட்டுத்தொகை எங்கே குறைவோ அங்கே இருவரையும் கணினி சேர்த்துவிடும். பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு சிறு நிறுவனமும் இதில் உலகப் பெருநிறுவனத்தின் பக்கத்தில் நின்று எண் போடும். அந்தச் சிறு நிறுவனத்தின் வேலைதான் பிடித்திருக்கிறது என்று ஒரு மாணவர் 1 போட்டால், அவர் அங்கே போகலாம். நம் வளாகங்களில் எழும் 'முதல் நாள் ஸ்லாட்' யாருக்கு என்ற பேரம் இதில் எழவில்லை.

இந்தியாவுக்கு இது புதிதும் அல்ல. பிலானியின் பிட்ஸ் கல்வி நிறுவனம், சி.ஆர். மித்ராவின் தலைமையில் 1973-ல் 'பிராக்டிஸ் ஸ்கூல்' முறையைக் கொண்டுவந்தது. இரண்டாமாண்டு முடிவில் ஏறத்தாழ இரண்டு மாதம், இறுதியாண்டில் ஐந்தரை மாதம் மாணவர் தொழிற்கூடத்தில் இருப்பார். பேராசிரியரும் அந்த வேலையோடு பிணைக்கப்பட்டிருப்பார், மதிப்பெண்ணும் உண்டு.

கோயம்புத்தூர் இன்னும் பொருத்தமான சான்று. பி.எஸ்.ஜி. அறநிலையம் 1926-ல் தொழிற்கூடம் ஒன்றைத் தொடங்கியது. பம்பும் மோட்டாரும் செய்த இடம் அது. கல்லூரி வந்தது 1951-ல்தான். அதாவது, முதலில் தொழிற்சாலை, அதன் மடியில் கல்லூரி. அங்கே ஐந்தாண்டு 'சாண்ட்விச்' பொறியியல் படிப்பில் சேர்ந்த மாணவர்கள் வகுப்புக்கும் பட்டறைக்கும் மாறி மாறிப் போனார்கள். கோவைத் தொழில்வட்டாரத்தில் 'சாண்ட்விச் பையன்' என்றால் கையில் எண்ணெய் பட்டவன் என்று பொருள். அவனுக்குத் தனியாக அறிமுகம் தேவைப்படவில்லை. நம் மண்ணிலும் வேர்விட்ட இந்த முறை ஒரு சில கல்லூரிகளுக்கு மேல் பரவாமல் நின்றது வருத்தத்துக்குரியது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் மட்டுமே நானூறுக்கும் அதிகம்.

அந்த நானூறில் பெரும்பாலானவற்றில் நடப்பது வேறு. ஏழாம் செமஸ்டர் தொடங்கும்போது பிளேஸ்மென்ட் பரபரப்பு தொற்றிக்கொள்ளும். நூற்றுக்கணக்கான எச்.ஆர். முகவரிகளுக்கு ஒரே மின்னஞ்சல் போகும். ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும் ஐ.டி. நிறுவனங்களை நம்பியே முழுக் கணக்கும் போடப்படும். அந்த நிறுவனங்களோ கல்லூரிக்கு வருவதையே குறைத்துக்கொண்டுவிட்டன. டி.சி.எஸ். 2018-ல் நாடு முழுதுக்கும் பொதுவான தேர்வைக் கொண்டுவந்த பிறகு, மாணவர் எந்த ஊரிலிருந்தும் எழுதலாம். மாணவருக்கு இது நல்லது. ஆனால் கல்லூரிக்கும் நிறுவனத்துக்கும் இருந்த உறவு அறுந்துவிட்டது. 2022-ல் ஆஃபர் லெட்டர் வாங்கிய பலர் 2024 வரை வேலையில் சேர முடியாமல் காத்திருந்தார்கள். ஒரே துறையை நம்பியிருந்த கல்லூரிகளுக்கு அந்த இரண்டு ஆண்டுகளில் மாற்று வழி எதுவும் இல்லை.

மாற்று வழி பஸ் போகும் தூரத்திலேயே இருக்கிறது. கோவை கணபதியில் எண்பது பேர் வேலை செய்யும் பம்ப் கம்பெனி ஒன்றை எண்ணிப்பாருங்கள். இப்படிப்பட்ட நிறுவனங்கள் ஓசூரில் உண்டு, அம்பத்தூரில் உண்டு, திருச்சி பெல் ஆலையை நம்பி வாழும் துவாக்குடிப் பட்டறைகளிலும் உண்டு. அங்கே எச்.ஆர். என்று தனியாக யாரும் இல்லை. கணக்குப் பார்ப்பவரே ஆளும் எடுப்பார். அவருக்கு ஒரு டிசைன் இன்ஜினீயரும் தரப் பரிசோதனைக்கு ஒருவரும் வேண்டும், அதுவும் இந்த மாதமே வேண்டும். கல்லூரிக்குப் போன் செய்கிறார். கம்பெனி புரொஃபைல் அனுப்புங்கள், ஜே.டி. எனும் வேலை விவரம் அனுப்புங்கள், சி.டி.சி. எனும் ஆண்டுச் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் எடுப்பீர்கள் என்று பதில் வருகிறது. இரண்டு பேர் என்றதும் குரல் தணிகிறது. ஸ்லாட் ஜனவரிக்குப் பிறகுதான் என்கிறார்கள். ஏற்கெனவே ஆஃபர் வாங்கியவர்கள் 'ஒருவருக்கு ஒரு வேலை' விதிப்படி உட்கார முடியாது. மீதி இருப்பவர்களில் அரியர் இல்லாதவர்கள் மட்டுமே வரலாம். ஜூனில்தான் சேருவார்கள். அவர் போனை வைத்துவிட்டு, பழைய ஃபோர்மேனின் அக்கா மகனைக் கூப்பிடுகிறார். அந்த நிறுவனம் இனி அந்தக் கல்லூரியைக் கேட்காது. இப்படி இழந்த நிறுவனங்களை எந்தக் கல்லூரியும் கணக்கெடுப்பதில்லை.

கல்லூரிகள் இப்படி நடந்துகொள்வதற்குக் காரணமும் உண்டு. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் மாணவர்களின் இடைநிலைச் சம்பளம் ஓர் அளவுகோல். நுழைவாயில் பதாகையில் போட வேண்டியது அதிகபட்ச சம்பளமும் நிறுவனங்களின் சின்னங்களும். பம்ப் கம்பெனியின் சின்னத்தைப் பார்த்து எந்தப் பெற்றோரும் பணம் கட்டப் போவதில்லை என்று நிர்வாகம் நினைக்கிறது. அந்த நினைப்பால் பாதிக்கப்படுவது நடுத்தர மதிப்பெண் வாங்கிய மாணவர்கள். முதல் பத்துப் பேருக்கு எந்தக் கல்லூரியிலும் வேலை கிடைத்துவிடும். வேலைவாய்ப்பு மையம் என்று ஒன்று இருப்பதே மற்றவர்களுக்காக.

நிறுவனங்களைப் பெருக்குவது என்றால் வந்தவரையெல்லாம் உள்ளே விடுவதும் கிடையாது. பயிற்சி வைப்புத்தொகை என்று மாணவரிடமே பணம் கேட்பவர்களும், அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்பவர்களும் 'ரெக்ரூட்டர்' என்ற பெயரில்தான் வருகிறார்கள். 2016-ல் ஐ.ஐ.டி.களின் கூட்டு வேலைவாய்ப்புக் குழு, ஆஃபரைத் திரும்பப் பெற்றது போன்ற காரணங்களுக்காக 31 நிறுவனங்களை ஓராண்டு வளாகத்துக்குள் வரவேண்டாம் என்று தடுத்தது. எல்லாக் கல்லூரிக்கும் அந்தப் பலம் இராது. ஆனால் பத்துக் கல்லூரிகள் சேர்ந்து ஒரு பட்டியலைப் பராமரிக்க முடியும்.

இன்டர்ன்ஷிப் பற்றியும் ஒளிக்காமல் பேச வேண்டும். பாடத்திட்டத்தில் அது வந்துவிட்டது. பணம் கொடுத்தால் சான்றிதழ் தரும் கடைகளும் கூடவே முளைத்துவிட்டன. அமெரிக்காவில் கல்லூரிகளும் வேலை தருவோரும் சேர்ந்து நடத்தும் தேசிய சங்கமான என்.ஏ.சி.இ. எடுக்கும் ஆண்டுக் கணக்குகளின்படி, அங்கே இன்டர்ன்களில் சுமார் பாதிப்பேர் அதே நிறுவனத்தில் முழுநேர வேலைக்குப் போகிறார்கள். சான்றிதழ்க் கடையில் வாங்கிய இன்டர்ன்ஷிப்பில் அப்படி ஒருவரும் போக முடியாது, ஏனென்றால் அங்கே அவருடைய வேலையைப் பார்த்தவர் யாரும் இல்லை.

நம்மிடம் கைக்கெட்டும் கருவி ஒன்று சட்டமாகவே இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 1973-ல் திருத்தப்பட்டு, பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமோ படித்தவர்களும் அதற்குள் கொண்டுவரப்பட்டார்கள். 2019-ல் வந்த விதிகளின்படி, 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை வைத்துக்கொள்ள வேண்டும். பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய் என்று அப்போது வைத்தார்கள். தேசியப் பழகுநர் திட்டத்தில் அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. கணபதியில் இருக்கும் பம்ப் கம்பெனிக்கு, ஓராண்டு முழுதும் ஒரு பொறியாளரை வைத்துப் பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் அந்தக் கணக்குப்பிள்ளைக்கு இந்த விதியைச் சொல்வது யார்? பதிவு செய்யும் தளத்தில் எந்த ஆவணத்தை ஏற்ற வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டுவது யார்?

கல்லூரியின் வேலைவாய்ப்பு மையம் செய்ய வேண்டிய வேலை இது. இதற்கு ஆள் வேண்டும். பல கல்லூரிகளில் பிளேஸ்மென்ட் ஆபீசர் என்பவர், வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் பாடமும் நடத்தும் ஓர் உதவிப் பேராசிரியர்தான். அவரால் தொழிற்பேட்டைக்குப் போய் வர முடியாது. போக வேண்டும். போன ஆண்டு எடுத்த மாணவர் எப்படி இருக்கிறார் என்று கேட்க வேண்டும்; சேர்ந்த மூன்றாம் மாதத்தில் விட்டுப் போனவர் ஏன் போனார் என்று முதலாளியிடமும் கேட்க வேண்டும், மாணவரிடமும் கேட்க வேண்டும். இரண்டு பேர் கேட்கும் நிறுவனத்துக்கு ஒரு பக்கப் படிவம் போதும். ஒரு வாரத்தில் பதில் போக வேண்டும். 'ஒருவருக்கு ஒரு வேலை' விதியை அவர்களுக்காகத் தளர்த்த வேண்டும். இறுதியாண்டுத் திட்டப்பணிக்கான தலைப்புகளில் பாதியாவது அந்தத் தொழிற்பேட்டையிலிருந்து வரட்டும். தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச் 1-ல் தொடங்கியதிலிருந்து மாணவருக்குத் திறன்களைக் கற்றுக்கொடுக்கிறது. கற்றவரை அழைத்துக்கொண்டு போய் ஒரு மேசையில் உட்கார வைப்பது கல்லூரியின் கையில் இருக்கிறது.

முன்பு சொன்ன பழகுநர் திட்டத்தைக் கவனிக்கும் தென் மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் முதல்வர்களும் தாளாளர்களும் அடுத்த செமஸ்டர் தொடங்குவதற்குள் தங்கள் மையத்துக்கு ஒரு முழுநேர ஆளை நியமித்து, முதல் வாரத்தில் அவரை அங்கே அனுப்ப வேண்டும். இரண்டாம் வாரத்தில் அவர் தங்கள் ஊர்த் தொழிற்பேட்டைச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை வாங்கி வர வேண்டும். இதை அவர்களிடம் நேராகவே கேட்டுக்கொள்கிறேன்.